பையைக் காவல் காக்கும் பிள்ளை

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஐ.நா. சபை 2015-இல் அறிவித்த 17 நிலையான வளர்ச்சி இலக்குகளைப் பற்றி அங்கே ஒருநாள் நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மாடியில் உள்ள ஹாலில் கூட்டம். பிள்ளைகள் வரைந்த சார்ட்டுகள், உலக உருண்டை, ‘நாம் அனைவரும் உலகக் குடிமக்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பேனர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் என்ற முறையில் வாரம் ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போவேன். அன்று என் முறை. எட்டாம் வகுப்பில் என்னிடம் பயிற்சி பெறும் பையன் ஒருவன் உண்டு. மூளை முடக்குவாதம், வாக்கர் பிடித்து நடப்பான். ஹாலில் தேடினேன், இல்லை. கீழே வந்து பார்த்தால் காலி வகுப்பறையில், முப்பது பைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

“நீ ஏன்டா மேல வரல?”

“பையப் பாத்துக்கச் சொன்னாங்க டீச்சர்.”

யாரும் கெட்ட மனசோடு அப்படிச் சொல்லவில்லை. அவனுடைய வகுப்பாசிரியர் அவன் மேல் உயிராக இருப்பவர். படியேறக் கஷ்டப்படுவானே என்ற இரக்கம்தான். ஆனால் பதினான்கு வருட வேலையில் இப்படிக் காவல் காக்கும் பிள்ளைகளை எத்தனையோ பள்ளிகளில் பார்த்துவிட்டேன். பி.டி. பீரியடில் பை, சுற்றுலா போன இடத்தில் செருப்பு, விளையாட்டு விழாவில் தண்ணீர் பாட்டில். உலகக் குடிமை பற்றிய கூட்டத்திலும் அதே வேலைதான் என்றபோது எனக்குத் தாங்கவில்லை.

மேலே சார்ட்டில் எழுதியிருந்த நான்காவது இலக்கு, தரமான கல்வி. அதற்குள் உட்பிரிவுகள் இருக்கின்றன. உலகக் குடிமைக் கல்வியைப் பற்றிப் பேசுவது 4.7. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் கல்வியில் சமமான இடம் வேண்டும் என்பது 4.5. பள்ளிக் கட்டடமே அவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவும் உண்டு. ஒரே இலக்கில் அடுத்தடுத்து வரும் வரிகள் இவை. நாம் 4.7-ஐ மட்டும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு மற்ற இரண்டையும் பைகளோடு கீழேயே விட்டுவிட்டோம்.

‘இந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும்’ என்ற பேச்சை இன்னமும் கேட்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் இதையே காரணமாகச் சொல்லி அட்மிஷன் மறுத்துவிட்டார்கள் என்று ஓர் அம்மா என்னிடம் வந்து அழுதார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. முந்தைய 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆயின. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இதில்தான் சேர்ந்தன. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது பக்கத்துப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது வீட்டாரின் விருப்பம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. இவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நெருங்கியபின் ஓடிவந்தால் என்னாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

சரி, மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடுமா?

ஏழாம் வகுப்பில் பார்வை அறவே இல்லாத ஒரு சிறுமி. புவியியல் பாடத்தில் ஆசிரியர் சுவரில் வரைபடத்தை மாட்டிக் குச்சியால் காட்டிக்கொண்டிருப்பார், இவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். நானும் அந்த ஆசிரியரும் சேர்ந்து ஒரு பெரிய அட்டையில் தடவிப் பார்க்கும் வரைபடம் செய்தோம். மலைக்குப் புளியங்கொட்டை, கடலுக்கு உப்புத்தாள், வைகைக்குத் தேங்காய் நார்க் கயிறு. வருசநாட்டு மலையில் கயிறு தொடங்கும், மதுரையைக் கடந்து, சிவகங்கை, ராமநாதபுரம் வழியாகக் கடல் பக்கம் போய் முடியும். முல்லைப் பெரியாறுக்கு வேறொரு மெல்லிய கயிறு. மலையைக் குடைந்த இடத்தில் ஒரு ஸ்ட்ராவைச் செருகியிருந்தோம், சுரங்கம் என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே. அவள் தடவிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“டீச்சர், இந்தத் தண்ணி அந்தப் பக்கம்ல போகணும்? இங்கிட்டு எப்படி வருது?”

வகுப்பே எழுந்து வந்து அட்டையைச் சுற்றி நின்றது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மறித்து, 1895-இல் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள் என்பதும், பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கேரளத்து மலையில் பெய்யும் மழைதான் கால்வாய் வழியே மேலூர் வயலுக்கு வந்து நெல்லாகிறது என்பது அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது. நம் சோற்றுக்கு எத்தனை ஊர்க்காரர்கள் கூட்டு என்று அரைமணி நேரம் பேசினார்கள். அதைவிட நல்ல உலகக் குடிமை வகுப்பை நான் பார்த்ததில்லை. பார்வையில்லாத ஒருத்திக்காகச் செய்த அட்டை அது. அவள் கேட்ட கேள்வியால் முப்பது பேர் படித்தார்கள்.

அவளிடமிருந்து, பார்வையற்றோர் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைப் பழகவும் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஆறு புள்ளிகளில் முதல் புள்ளி மட்டும் இருந்தால் தமிழில் ‘அ’. ஆங்கிலத்துக்கும் அதே புள்ளிதான் முதல் எழுத்து. ‘க’, ‘ம’, ‘ப’ எல்லாம் இப்படித்தான், ஒலி ஒத்துப்போகும் ஆங்கில எழுத்துக்கு உள்ள புள்ளிகளே. இந்தி, மலையாளப் பிரெயிலிலும் அப்படியே. இதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டு என்னிடம் ஓடிவந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டி ஐந்து நிமிடம் நடக்கவிட்டு ‘பார்த்தீர்களா, அவர்கள் எவ்வளவு பாவம்’ என்று முடிக்கும் நிகழ்ச்சிகளில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பயமும் பரிதாபமும்தான். கட்டை அவிழ்த்ததும் ‘நல்லவேளை, நாம் அப்படி இல்லை’ என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பதில் அந்தப் பிள்ளையையே ஏதாவது சொல்லிக்கொடுக்க விடுங்கள். காது கேளாத மாணவன் இருந்தால் தினமும் இரண்டு சைகை அவன் கற்றுத்தரட்டும். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியச் சைகையில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையால் காட்டுவார்கள், அமெரிக்கச் சைகையில் ஒரு கை போதும். மதுரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் 3 தங்கம் வென்றார். பல நாட்டு வீரர்கள், பல சைகை மொழிகள். அந்த மைதானத்தை என் மாணவர்களுக்கு விவரித்தால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

உதவிக்குப் பிள்ளைகளை நியமிப்பதிலும் கவனம் வேண்டும். ‘நீதான் இவனைக் கூட்டிக்கிட்டுப் போகணும்’ என்று ஒரே ஆளிடம் விட்டால் அவனுக்குச் சலிப்பு வரும், இவனுக்குக் கூச்சம் வரும். வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள். உதவி வேண்டுமா என்று முதலில் கேட்கப் பழக்குங்கள்.

அந்த மேலூர்ப் பள்ளிக்கே திரும்ப வருகிறேன். மறுவாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் கேட்டு வாங்கி, அந்தப் பையனையும் வைத்துக்கொண்டு ‘உலகக் குடிமக்கள்’ என்றால் யார் என்று பேசினேன். மதுரையைச் சுற்றித் திருவாதவூர், ஆனையூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அப்படியொரு முகாமிலிருந்து வரும் பெண் அந்த வகுப்பில் படிக்கிறாள். பேச்சு முடியும்போது கை தூக்கினாள்.

“டீச்சர், உலகக் குடிமக்கள்னா அதுக்கும் கார்டு வேணுமா?”

பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற வேண்டுமானால், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அவள் இங்கேதான் பிறந்தாள், அவள் அம்மாவும் இங்கே முகாமில் பிறந்தவர்தான். இருந்தும் இருவருக்கும் குடியுரிமை இல்லை. உலகக் குடிமகளாக இருக்கக் கார்டு வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பதில் போதாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் உள்ளடங்கிய கல்வி என்றால் என் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகள் மட்டும்தான் என்று அதுவரை வேலை பார்த்து வந்திருக்கிறேன். அன்று மாலை பஸ்ஸில் அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது எதிர்பாராத ஒன்றும் நடந்திருந்தது. நான் பதில் தேடித் தடுமாறிய நேரத்தில் வாக்கர் பையன் அவள் பக்கம் திரும்பி, “எங்கிட்ட ஒரு கார்டு இருக்கு, அதுல சதவீதம்தான் போட்டிருக்கு” என்றான். இந்தமுறை அவளும் சிரித்துவிட்டாள். அவர்கள் இருவரும் அதற்குமுன் பேசிக்கொண்டதே இல்லையாம்.

அவன் சொன்ன மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு இன்னும் எடுக்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கே வர முடியாத நிலையில் இருந்தால் உங்கள் வட்டார வள மையத்தில் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறோம். ஆசிரியர்களாக இருந்தால் உங்கள் பள்ளியின் அடுத்த விழா எந்த மாடியில் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேலூர்ப் பள்ளியில் இப்போது கூட்டங்களைக் கீழே வேப்பமரத்தடியில் வைக்கிறார்கள். பைகளை வகுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை எச்.எம். ரூமில் மாட்டிவிடுகிறார்கள்.