ஆறிய பாயாவில் பாயும் குண்டு

ஆட்டுக்கால் பாயா மிஞ்சினால் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். குழம்பு இருந்த இடத்தில் தளதளவென்று ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். தட்டினால் ஆடும், விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும். எலும்பிலும் தோலிலும் இருந்த கொலாஜன் கொதியில் கரைந்து ஜெலட்டினாகி, குளிரில் உறைந்ததால் வந்த கட்டி அது. கைத்துப்பாக்கிக் குண்டு எப்படிப்பட்டது என்று அமெரிக்காவில் சோதிப்பதும் கிட்டத்தட்ட இதே பொருளில்தான். மிளகும் கொத்தமல்லியும் மட்டும் கிடையாது.

கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு வேட்டையா என்று நமக்குத் தோன்றும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே ஏறக்குறைய முடிந்துவிட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான், காட்டுப்பன்றி வேட்டைக்குக் கைத்துப்பாக்கியை அனுமதிக்கிறார்கள். இதற்கு ஏற்றாற்போல் 1935இல் 0.357 மேக்னம், 1950களின் நடுவில் 0.44 மேக்னம் என்று பலமான ரிவால்வர் தோட்டாக்கள் வந்தன. இப்போது தானியங்கிப் பிஸ்டலில் 10 மி.மீ. தோட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. இந்தத் தோட்டா 1983இல் வந்தது. முதலில் வந்த வடிவத்தில் குண்டின் எடை 200 கிரெய்ன், வேகம் வினாடிக்குச் சுமார் 366 மீட்டர். ஒரு கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஆக 200 கிரெய்ன் 13 கிராம். நம் கணக்கில் ஒன்றரைப் பவுனுக்குச் சற்று மேல்.

இந்தக் குண்டின் ஆற்றல் சுமார் 870 ஜூல். மான் வேட்டைக்குச் சாதாரணமாக எடுத்துப்போகும் ரைபிள் குண்டோ 3,500 ஜூலைத் தாண்டும். வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை. ரைபிள் குண்டு போகிற வேகத்தில் சுற்றியுள்ள சதை பலூன்போல் விரிந்து கிழிந்துபோகும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்திலும் சதை விரியும், ஆனால் பெரும்பாலும் ரப்பர்போலப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மிஞ்சுவது குண்டு நேரடியாகத் துளைத்த ஓட்டை மட்டும்தான். அந்த ஓட்டை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆழம் போதாவிட்டால் மிருகம் காயத்தோடு ஓடி, எங்கேயோ புதரில் கிடந்து துடிக்கும். வேட்டையே வேண்டாம் என்கிற கட்சி நான்; ஆனால் செய்கிறவர்கள் இதைச் சோதிக்காமல் போவது அதைவிடக் கேவலம்.

ஜெல்லுக்கு வருவோம். வியட்நாம் போரில் அறுவை மருத்துவராக இருந்த மார்ட்டின் ஃபேக்லர், 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ராணுவ ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு முறை வகுத்தார். ஒரு பங்கு ஜெலட்டின் தூள், ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜெலட்டினின் நீண்ட மூலக்கூறுகள் உடைந்து கட்டி இளகிவிடும். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, அச்சில் ஊற்றி, 4 டிகிரியில் இரண்டு நாள் குளிரவைக்க வேண்டும். வெளியே எடுத்தால் சூடேறுவதற்குள், அரை மணி நேரத்துக்குள், சுட்டு முடித்துவிட வேண்டும்.

கட்டி சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மெரினாவில் பலூன் சுடுகிற ஏர் கன் பார்த்திருப்பீர்கள். அதே 4.5 மி.மீ. விட்டத்தில் ஒரு சின்ன இரும்பு உருண்டையை வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் கட்டிக்குள் சுடுவார்கள். அது 8.5 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தவறினால் அந்தக் கட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஜெல் என்பது மானும் இல்லை, பன்றியும் இல்லை. அதில் எலும்பில்லை, தோலில்லை, நுரையீரலில் இருப்பதுபோல் காற்றும் இல்லை. அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். துணிக்கடை மீட்டர் கம்பியிடம் யாரும் ‘நீ சேலை மாதிரி இருக்கிறாயா’ என்று கேட்பதில்லை. சென்னையில் அளந்தாலும் காஞ்சிபுரத்தில் அளந்தாலும் ஒரே நீளம் காட்டுகிறதா என்பதே கேள்வி. இரும்பு உருண்டை சொல்வது அதைத்தான். இது புரியாமல் ‘ஜெல்லில் 40 சென்டிமீட்டர் போனது, ஆக பன்றிக்குள்ளும் 40 போகும்’ என்று பேசுகிறவர்கள் நிறைய.

இந்த அளவுகோல் பிரபலமானதற்குக் காரணம் ஒரு சோகம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் துப்பாக்கிச் சண்டையில் இறங்கினார்கள். கொள்ளையரில் ஒருவன்மேல் ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு பாய்ந்தது. கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதன்பின் எஃப்.பி.ஐ. வகுத்த விதிப்படி, குண்டு ஜெல்லில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 12 அங்குலம் என்பது நம் 30 சென்டிமீட்டர் ஸ்கேல். வேட்டைக்காரர்களுக்கு மேல் வரம்பு பற்றிய கவலை குறைவு. ஆண் காட்டுப்பன்றிக்குத் தோள்மேல் கேடயம்போல் தடித்த ஒரு படலம் இருக்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

குழிமுனைக் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், மூக்கில் பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். ஈரப்பசையுள்ள எதற்குள் புகுந்தாலும் அந்தப் பள்ளம் நிறையும். எதிரே வரும் நீர் அங்கே முட்டி நிற்க, உள்ளே அழுத்தம் ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 366 மீட்டர் வேகத்துக்கு இது சுமார் 67 மெகாபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தைப்போல் 660 மடங்கு. ஈயம் மெத்தென்ற உலோகம், இதைத் தாங்காது. உள்ளிருந்து பிளந்து, இதழ் இதழாக வெளிப்பக்கம் மடங்கும். வெட்டியெடுத்த குண்டு வாழைப்பூ மடல் விரிந்ததுபோல் இருக்கும்.

வேகத்தின் இருமடி என்பதில்தான் வேடிக்கை. 10 மி.மீ. தோட்டாவின் உதைப்பு எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் கைகளுக்குக் கடினமாக இருந்தது. அதன் கூட்டை, அதாவது குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோக உறையை, குட்டையாக்கி, மருந்தைக் குறைத்து, 1990இல் 0.40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. அதனால் வினாடிக்கு 300 மீட்டருக்கென்று வடிவமைத்த குண்டை எடுத்து 10 மி.மீ. கூட்டில் செருகி 380 மீட்டரில் அனுப்பவும் முடியும். வேகம் கால் பங்குதான் கூடுகிறது. அழுத்தம் 45 மெகாபாஸ்கலிலிருந்து 72க்குப் போய்விடுகிறது. இதழ்கள் சட்டென்று முழுக்க விரிகின்றன, சில பிய்ந்தே போகின்றன. 10 மி.மீ. குண்டு 17 மி.மீ. அகலத்துக்கு விரிந்தால் முகப்பின் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு, எதிர்ப்பும் அதே அளவு. வேகமாகப் போன குண்டு சீக்கிரமே நின்றுவிடும். அதிக வேகம், குறைந்த ஆழம்! முதல் தடவை கேட்கிறவர்கள் நம்புவதில்லை. ஜெல் கட்டியைக் காட்டினால் நம்புவார்கள்.

அதனால் காட்டுக்குப் போகிறவர்கள் பலர் குழிமுனையையே விட்டுவிட்டு, ஈயத்தோடு ஆண்டிமனி, வெள்ளீயம் சேர்த்து வார்த்த கெட்டியான தட்டைமூக்குக் குண்டை எடுக்கிறார்கள். அது விரியாது, நேராக, ஆழமாகப் போகும். இன்னொரு பக்கம் முழுச் செம்புக் குண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடவே கூடாது. சுட்ட மிருகத்தின் மிச்சத்தைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சேறிச் செத்ததுதான் காரணம். 1982இல் அந்த இனத்தில் மிஞ்சியிருந்தவை வெறும் 22. மாட்டுக்குப் போட்ட வலிமருந்தால் நம் பாறுக் கழுகுகள் அழிந்த கதை நினைவுக்கு வந்தால், இரண்டும் ஒரே ஜாதிக் கதைதான்.

சரி, குண்டு தேர்வாகிவிட்டது. புதுப் பிஸ்டல் அதைச் சுடுமா?

புதுத் தோசைக்கல்லைப் பழக்காமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். தானியங்கிப் பிஸ்டலும் அப்படித்தான். சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் பாய்கிறது, காலிக் கூட்டை வெளியே எறிகிறது, சுருள்வில் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) வழித்துக் குழலுக்குள் செருகுகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இத்தனையும். புதுத் துப்பாக்கியில் ஸ்லைடு ஓடும் தடங்களில் கடைசலின் நுண்பிசிறுகள் இருக்கும், வில் விறைப்பாக இருக்கும். முதலில் துடைத்து எண்ணெய் போட்டு, விலை குறைந்த பயிற்சித் தோட்டாவில் ஓர் இருநூறு சுட்டால் பிசிறு தேய்ந்து வில் படிந்துவிடும். ஆனால் குழலைப் பழக்குகிறேன் என்று ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை துடைக்கிறவர்களும் உண்டு. பிஸ்டலைப் பொறுத்தவரை அது சடங்கு என்றுதான் நினைக்கிறேன்.

பயிற்சித் தோட்டாவில் ஓடியது என்பதால் வேட்டைத் தோட்டாவிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. பயிற்சிக் குண்டின் மூக்கு உருண்டை, வழுக்கிக்கொண்டு ஏறும். குழிமுனையின் விளிம்போ தட்டைமூக்கின் ஓரமோ குழலுக்குள் ஏறும் சரிவில் தட்டி நிற்கலாம். காலிக் கூடு வெளியேறுமுன் ஸ்லைடு திரும்பிவிட்டால், கூடு செங்குத்தாக மாட்டிக்கொண்டு புகைபோக்கிபோல் நிற்கும். இதற்குப் பலநேரம் துப்பாக்கி காரணமில்லை, மணிக்கட்டுதான். ஸ்லைடு முழுதும் பின்னால் போக வேண்டுமென்றால் கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் சட்டமும் கூடவே பின்னால் போகும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஓட்டம் குறைந்துவிடும். மருந்து மிகப் பலமாக இருந்தால் எதிர்மாறான கோளாறு வரும்: மேகசின் வில் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டி முன்னால் போய்விடும்.

1911இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் சோதித்தபோது 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். சூடு தாங்காமல் போனபோது தண்ணீரில் முக்கியெடுத்து மேலும் சுட்டார்கள். ஒருமுறைகூட மாட்டவில்லை. அந்தச் செலவு ராணுவத்துக்குக் கட்டும். வேட்டைக்காரர் தான் எடுத்துப்போகும் தோட்டாவிலேயே குறைந்தது நூறு சுட்டுப் பார்க்கலாம். நடுவில் ஒன்று மாட்டினால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் அட்டையில் குறி பார்த்துச் சுடும்போது ஒன்று நடக்கும். பயிற்சிக் குண்டைவிடக் கனமான வேட்டைக் குண்டு கீழே விழும் என்று எதிர்பார்ப்போம், அது மேலே போய் விழும். கனமான குண்டு மெதுவாகக் கிளம்புவதால் 12 சென்டிமீட்டர் குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கிறது. ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் குண்டு நகரத் தொடங்கிய கணத்திலேயே உதைப்பும் தொடங்கி, குழலின் வாய் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. தாமதமாக வெளிவருகிற குண்டு உயர்ந்த வாயிலிருந்து வெளிவருகிறது. கை நடுங்கிவிட்டதோ என்று தன்னையே திட்டிக்கொள்ள வேண்டாம். பின்னால் உள்ள குறிக்காட்டியை ஒரு திருகு கீழே இறக்கினால் போதும்.