மரக் கோஸ்டர் உடம்பை உதறுவது எதனால்? ஏறும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரிலிருந்து நியூஜெர்சிக்கும் சின்சினாட்டிக்கும் ஆன்சைட் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் ஆறு மாதம் தங்குகிற அப்பா அம்மாக்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மரத்தில் கட்டின ரோலர் கோஸ்டராமே, முதுகு போய்விடும் என்கிறார்களே, ஏறலாமா?" பிடதி ஒண்டர்லாவில் ரீகாயில் ஏறின அனுபவம் இதற்கு உதவாது. அது எஃகுக் குழாய்த் தடம். மரக் கோஸ்டரின் குலுக்கல் வேறு ஜாதி. மரக் கோஸ்டர் என்றாலே உதறும் என்பதும் சரியல்ல. ஒன்று பஞ்சு போல ஓடும், இன்னொன்று பல்லைத் தந்தியடிக்க வைக்கும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஏறுவதற்கு முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மேட்டின் உச்சியில் சீட்டைவிட்டு உடம்பு எழும்புவது, பள்ளத்தில் அழுத்துவது, வளைவில் பக்கத்து ஆள் மேல் சாய்வது, இவையெல்லாம் வடிவமைத்தவர் வேண்டுமென்றே கொடுத்த விசைகள். அரை வினாடி, ஒரு வினாடி என்று நீடிக்கும், உடம்பு ஈடுகொடுத்துவிடும். உதறல் என்பது யாரும் வரையாமல் தானாக வந்து சேர்வது. ஒரு வினாடிக்குப் பல முறை வரும் குட்டி இடிகள் அவை. விசை பலமாக இருந்தும் உதறாத கோஸ்டர் உண்டு. மெதுவாகப் போயும் எலும்பை எண்ணிக் காட்டும் கோஸ்டரும் உண்டு.

தடத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு தண்டவாளமும் ஏழெட்டு அடுக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கிய அடுக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் தெற்கத்தி மஞ்சள் பைன் மரம். மேல் அடுக்குகள் இரண்டும் உட்பக்கமாகச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் தொடும் இடங்களில் தட்டையான எஃகுப் பட்டை. பாரம் தாங்கும் சக்கரம் மேலே ஓடும், பக்கச் சக்கரம் உள்விளிம்பைப் பிடிக்கும், அடிச்சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குக் கீழே நின்று வண்டி மேலே எழும்பாமல் காக்கும். அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற கோஸ்டர் வடிவமைப்பாளர் 1919இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமாயின.

இந்த மூன்று சக்கரங்களும் தடத்தை ஒரேயடியாகக் கவ்விக்கொண்டு ஓட முடியாது. நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இறுகுகிற அதே கதைதான். 38 மி.மீ. பலகை எட்டு அடுக்கினால் உயரம் சுமார் 304 மி.மீ. மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதப் புள்ளிகள் மாறினாலே இந்த உயரம் 2 முதல் 3 மி.மீ. வரை மாறிவிடும். நீளவாக்கில் மரம் அவ்வளவாக மாறாது, குறுக்கே மட்டும்தான். அதனால் ஒரே தடத்தில் நிழல் விழும் இடம் ஒரு உயரத்திலும், வெயில் காயும் இடம் வேறு உயரத்திலும் நிற்கக்கூடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பள்ளங்களின் அடியிலும், அங்கிருந்து மேலே ஏறத் தொடங்கும் இடத்திலும், வளைவுகள் முடியும் இடத்திலும் வரும். வண்டியின் எடை பல மடங்காக அழுத்துவது அங்கேதான். ஆணி தளரும், பலகை நசுங்கும், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய கேஜ், அதாவது இடைவெளி, கொஞ்சம் கொஞ்சமாக அகலும். ஓரிடத்தில் சின்னக் குழி விழுந்தால் சக்கரம் துள்ளி, சற்றுத் தள்ளிப் போய் விழும். விழுகிற இடத்தில் அடுத்த குழி. சில மாதங்களில் தடம் அலை அலையாகிவிடும். செம்மண் சாலையில் லாரிகள் ஓடி ஓடி வரிவரியாகப் பள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

அலையின் நீளத்தைப் பொறுத்து உடம்பு படும் பாடும் மாறும். மணிக்கு 72 கி.மீ. என்றால் வினாடிக்கு 20 மீட்டர். குழிகள் 4 மீட்டருக்கு ஒன்று என்றால் வினாடிக்கு ஐந்து இடி. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமாக ஒத்ததிர்வது ஏறக்குறைய 4 முதல் 6 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 4 முதல் 6 முறை. ஆகவே இது வயிற்றையும் முதுகெலும்பையும் நேராகப் பிடிக்கும். குழிகள் மீட்டருக்கு ஒன்று என்றால் வினாடிக்கு இருபது. அது தலையையும் பார்வையையும் கலக்கும்.

அடுத்து வண்டி. தடத்தை மட்டும் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பழைய பாணிப் பெட்டியில் மூன்று வரிசை சீட், முன்னும் பின்னும் ஆக்சில், சக்கரம் திரும்பாது. ஆக்சில்களுக்கு நடுவே 2 மீட்டர், வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் வளைகிறது, பெட்டி வளையாது. பெட்டியின் நடுப்பகுதி தடத்திலிருந்து 33 மி.மீ. விலகி நிற்கும், சக்கரம் பார்க்கும் திசைக்கும் போக வேண்டிய திசைக்கும் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். சக்கரம் உருளுவதோடு தேய்ந்துகொண்டும் போகிறது என்று பொருள். அந்த உரசல் தடத்தையும் தின்னும், உங்களையும் உலுக்கும். இதே வளைவில் 1 மீட்டர் இடைவெளி என்றால் விலகல் 8 மி.மீ.தான், கால் பங்கு. கிரேட் கோஸ்டர்ஸ் நிறுவனத்தின் மில்லேனியம் ஃப்ளையர் வண்டிகளில் பெட்டிக்கு ஒரே வரிசை, இரண்டு பேர். ஒவ்வொன்றும் முன்பெட்டியைத் தொடர்ந்து வளைந்துகொடுக்கும். கிராவிட்டி குரூப்பின் டிம்பர்லைனர் வண்டியில் சக்கரங்களே வளைவுக்கேற்பத் திரும்பும். ஒரு கோஸ்டரில் எந்த வண்டி ஓடுகிறது என்ற ஒரே தகவல், அது எந்த ஆண்டு கட்டியது என்பதைவிட அதிகம் சொல்லிவிடும் என்பது எங்கள் கருத்து.

வயதை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பென்சில்வேனியாவில் நோபல்ஸ் பூங்காவின் ஃபீனிக்ஸ், 1947இல் டெக்சாஸில் கட்டிய கோஸ்டர். கழற்றிக் கொண்டுவந்து 1985இல் மறுபடி நிறுத்தினார்கள். வண்டியும் பழைய பாணிதான். ஆனாலும் வழவழப்பான ஓட்டத்துக்குப் பெயர்போனது. தச்சர்கள் தடத்தை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் காரணம். மாறாக, சின்சினாட்டி பக்கம் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் சன் ஆஃப் பீஸ்ட் என்ற மரக் கோஸ்டர் 2000இல் திறந்தது. 66 மீட்டர் உயரம், தொடக்கம் முதலே உதறலுக்குப் பெயர் வாங்கியது. 2006இல் ஒரு மரச்சட்டம் விரிசல்விட்டுத் தடம் தாழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு அடிபட்டது. வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் வளையத்தை நீக்கி, எடை குறைந்த வண்டி போட்டும் 2009க்குப் பிறகு ஓடவில்லை; 2012இல் இடித்துவிட்டார்கள். உயரமும் வேகமும் கூடக்கூட மரத்தின் மேல் விழும் பாரம் எப்படி ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் அதிகம் கேட்பது அங்குள்ள எல் டோரோ என்ற மரக் கோஸ்டர் பற்றி. 2006இல் திறந்த அதன் தடம், தொழிற்சாலையில் துல்லியமாக அறுத்துக் கொண்டுவந்து பூட்டியது. அந்த இடத்திலேயே பலகையை வளைத்து அடித்ததல்ல. வளைத்து அடித்த பலகை நிமிரவே பார்க்கும். வளைவாகவே அறுத்த பலகைக்கு அந்த முனைப்பு இல்லை. அதனால் பல ஆண்டுகள் எஃகு போல ஓடியது. ஆனால் 2022 ஆகஸ்டில் ஓரிடத்தில் பலமாக இடித்ததில் 14 பேர் காயப்பட்டார்கள். 2023இல்தான் மறுபடி திறந்தது. துல்லியமாகக் கட்டியதற்கும் தினசரிப் பராமரிப்பு வேண்டும்.

சில பூங்காக்கள் மரத்தை விட்டே விலகிவிட்டன. 1990இல் வந்த டெக்சாஸ் ஜயண்ட், 2011இல் மரச் சாரத்தின் மேல் ராக்கி மவுண்டன் நிறுவனத்தின் எஃகுத் தடத்தோடு திரும்பி வந்தது. சீடர் பாயிண்ட் பூங்காவின் 'மீன் ஸ்ட்ரீக்' கோஸ்டரும் அப்படியே 2018இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் மரக் கோஸ்டர் போலவே இருக்கும். ஏறினால் உதறல் இருக்காது, விசைகள் மட்டும் கடுமையாக இருக்கும். முதுகுக்குப் பயந்தவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டு கோஸ்டரை ஒப்பிட வீடியோ பார்ப்பவர்கள் சீட்டிலிருந்து எடுத்ததை நம்ப வேண்டாம். கேமராவே குலுக்கலைச் சமன் செய்துவிடும். தரையிலிருந்து பக்கவாட்டில் எடுத்ததைத் தேடுங்கள். பள்ளத்தின் அடியில் வண்டி கடக்கும்போது தலைகளைப் பாருங்கள். எல்லாத் தலையும் ஒன்றாகத் தாழ்ந்து ஒன்றாக எழுந்தால் அது விசை. ஒவ்வொன்றும் தனித்தனியே துடித்தால் உதறல். நேரான தடத்தில் பெட்டி இடமும் வலமுமாக அலைந்தால் கேஜ் அகன்றிருக்கலாம். பூங்காவில் வரிசையில் நிற்கும்போது தடத்தைக் கவனியுங்கள்: சாம்பல் நிற மரத்துக்கு நடுவே பளிச்சென்ற மஞ்சள் பலகை தெரிந்தால் அந்தப் பகுதியைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அது நல்ல அறிகுறி. கடகடவென்ற சத்தத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்; எஃகுச் சக்கரம் எஃகுப் பட்டையில் ஓடினால் சத்தம் வரத்தான் செய்யும்.

"இது இத்தனை ஜி" (புவியீர்ப்பைப் போல இத்தனை மடங்கு விசை) என்று போட்டிருக்கும் எண்ணை வைத்தும் உதறலை ஒப்பிட முடியாது. கேளிக்கை சவாரிகளின் வடிவமைப்புக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்2291 தரநிலை முடுக்க வரம்புகளை, 5 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வை வடிகட்டிய பிறகே சரிபார்க்கிறது. 200 மில்லி வினாடிக்குக் குறைவான இடிகளுக்கு அந்த வரம்புகள் பொருந்தா. உங்களை உதறுவது பெரும்பாலும் அந்த வடிகட்டியில் போய்விடும் பகுதிதான்.

சரி, ஏறுவதென்று முடிவாகிவிட்டது. எங்கே உட்காருவது? பி.எம்.டி.சி. பஸ்ஸில் பின்சக்கரத்துக்கும் பின்னால் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கு வேகத்தடை என்றால் என்ன என்று தெரியும். நடுவில் இருப்பவருக்கு அது பாதிதான். மூன்று வரிசைப் பெட்டியிலும் அப்படியே. முதல், மூன்றாம் வரிசைகள் ஆக்சில் மேல். நடு வரிசைதான் மென்மையானது: வண்டியின் 2, 5, 8, 11ஆம் வரிசைகள். அவற்றில் வண்டியின் நடுப்பகுதியில் வருவதைக் கேளுங்கள். கடைசிப் பெட்டி உச்சியிலிருந்து வேகமாக இழுபட்டு இறங்குவதால் அங்கே எல்லாம் கூடுதல். காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. பேரிங் கிரீஸ் சூடாகி இளகியபின் மாலையில் வண்டி வேகமெடுக்கும், உதறலும் ஏறும்.

இடுப்பைச் சீட்டின் மூலைவரை தள்ளி உட்கார்ந்தபின் மடித்தடுப்பை இறக்குங்கள். ஊழியர் இறுக்கியதைத் தளர்த்தப் பார்க்க வேண்டாம். ஓடும்போது மேல்முதுகைச் சாய்மானத்திலிருந்து ஒரு விரற்கடை விலக்கி, கைப்பிடியைப் பிடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, நேராகப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பேத்தியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும் நொடியில்தான் சுளுக்கும்.

கழுத்து, முதுகு டிஸ்க் தொந்தரவு, எலும்புத் தேய்மானம், இதய நோய், அண்மை அறுவை சிகிச்சை, விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மரக் கோஸ்டரைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முக்கியமாக. கோஸ்டரில் ஏறியபின் மூளை உறைக்கடியில் இரத்தக்கசிவு ஏற்பட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அடி எதுவும் படாமலேயே நடந்தவையும் அவற்றில் உண்டு. இறங்கிய அன்றோ அடுத்த சில வாரங்களிலோ தலைவலி நாளுக்கு நாள் கூடினாலும், வாந்தி, தடுமாற்றம், கை கால் மரத்தல் இருந்தாலும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், கோஸ்டரில் ஏறியதையும் தேதியையும் முதலிலேயே சொல்லுங்கள்.