மாராவிலிருந்து செரெங்கெட்டிக்கு: எல்லையில் மாட்டிக்கொள்ளாமல் போவது எப்படி?

கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கும் காட்டுயிர்ப் புல்வெளிப் பூங்காக்கள்தான். ஆனால் சுற்றுலாப் பயணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போக முடியாது. இது தெரிந்தும் "காலையில் மாரா, மதியம் செரெங்கெட்டி" என்று சொல்லி முன்பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை என்று சேர்த்துவைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு, எல்லையில் பிள்ளைகளோடு விழித்துக்கொண்டு நிற்பது நம் ஆட்கள். அதனால் விதிகளை முழுசாக அடுக்காமல், எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்களோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பாதை. 1977இல் தான்சானியா, கென்யாவோடு இருந்த எல்லையை மூடியது. 1983இல் எல்லை மீண்டும் திறந்தது. ஆனால் இரண்டு பூங்காக்களுக்கும் நடுவில் இருந்த பொலொகோஞ்சா வழி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவே இல்லை. மாராவின் தென்கோடியில் புல்லுக்கு நடுவே சின்னதாக ஓர் எல்லைக்கல் நிற்கிறது. ஓட்டுநர்கள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க விடுவார்கள். அந்தப் பக்கம் தெரிவது செரெங்கெட்டிதான். ஆனால் அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த ஆள் இல்லை.

முத்திரை குத்தும் இடம் மேற்கே, கென்யாவின் எல்லை ஊரான இசபேனியாவில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தான்சானியப் பக்கத்து ஊர் சிராரி, அப்புறம் தாரிமே, அதற்குப் பிறகுதான் செரெங்கெட்டி. ஒரு முழுப் பகல் இதில் போய்விடும். பூங்கா வாசல்களை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால், எல்லையில் இரண்டு மணி நேரம் இழுத்தடித்தால் அன்றிரவு வெளியே தங்க வேண்டியதுதான். "மாராவிலிருந்து செரெங்கெட்டிக்கு விமானம்" என்று விற்பதையும் விசாரித்து வாங்குங்கள். பெரும்பாலும் கென்யப் பக்கம் மிகோரியில் இறக்கி, சாலை வழியாக எல்லை தாண்ட வைத்து, தாரிமேயில் வேறு விமானத்தில் ஏற்றுவார்கள்.

வண்டியும் மாறும். கென்யச் சுற்றுலா வண்டி தான்சானியப் பூங்காவுக்குள் நுழைய முடியாது. எல்லையில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கம் வேறு வண்டி, வேறு ஓட்டுநர். இந்த இரண்டாவது வண்டிக்கான பணம் ஏஜெண்ட் சொன்ன பயணத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பியவர்கள் எல்லையில் நின்று கேட்ட விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து விசா. 100 டாலருக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். அது கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான். தான்சானியா அதில் இல்லை. பெயரில் கிழக்கு ஆப்பிரிக்கா என்று போட்டுவிட்டு நடுநாயகமான நாட்டை விட்டிருப்பதால் மக்கள் குழம்பத்தான் செய்வார்கள். நமக்கு வேண்டியது இரண்டு தனித்தனி அனுமதிகள். ஒன்று, 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாகக் கென்யா கொண்டுவந்த மின்னணுப் பயண அனுமதி. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். இன்னொன்று, தான்சானியாவின் இ-விசா. இந்தியர்களுக்கு ஒருமுறை நுழைய 50 டாலர். இரண்டையும் அந்தந்த அரசின் தளத்திலேயே எடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருகிற விளம்பரத் தளங்கள் பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், ஆனால் இரண்டு மூன்று மடங்கு பணம் பிடுங்கிக்கொள்ளும்.

கென்யாவின் சாதாரண அனுமதி ஒருமுறை நுழைவதற்கானது. தான்சானியா போய்விட்டு நைரோபிக்கே திரும்பி விமானம் ஏறும்படி திட்டம் போட்டால், மறுபடி உள்ளே விடுவார்களா என்ற கவலை உங்கள் தலையில்தான் விழும். நைரோபியில் இறங்கி, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் எடுத்துவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யாவும் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல், கென்யாவை விட்டுக் கிளம்பிய 6 நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்கினால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அழைத்துப் போவார்கள். 6 நாள் வரை வைத்திருக்கலாம். கெஞ்சினாலும் விட மாட்டார்கள், சட்டம் அவர்கள் பக்கம். அதற்கு முன்பே, கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போதும் இதே சான்றிதழைக் கேட்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஊசி போட்டுக்கொள்ளப் போனது. முதல் நாள் "டோக்கன் முடிந்துவிட்டது" என்றார்கள். மறுபடி போனபோது "ஒரிஜினல் பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டார்கள். அது விசா வேலைக்காக ஏஜெண்டிடம் இருந்தது. கடைசியில் ஊசி போட்டாகிவிட்டது, ஆனால் நாள் போதவில்லை. விமான டிக்கெட் பணம் போனதுதான் மிச்சம். இந்தப் பத்து நாள் கணக்கை விசா விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

தெருமுனைக் கிளினிக்கில் போட்ட ஊசி செல்லாது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையமாக இருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். மருந்துக்குப்பி ஒன்றில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கினால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் இத்தகைய மையங்களில் நினைத்த நேரத்தில் போய்ப் போட்டுக்கொள்ள முடிவதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே போய்விடுங்கள்.

தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண், பெயர் எழுத்து, முத்திரை, கையெழுத்து நான்கையும் சரிபாருங்கள். அதன்பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும் என்று 2016 ஜூலையிலேயே விதி மாறிவிட்டது. பத்து வருடம் ஆகிவிட்டது, மறுபடி போடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஊசி கூடாது என்று அவர் கடிதம் கொடுத்தாலும், அது இங்கே தனிமைப்படுத்தலிலிருந்து காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதை டிக்கெட் எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

இனி கட்டணம். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. நாள் என்றால் காலை 6 முதல் மாலை 6 வரை. மூன்று மணிக்கு உள்ளே போனாலும் முழு 200 போய்விடும். பூங்காவுக்குள் தங்கியவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறவில்லையென்றால் இன்னொரு நாள் கட்டணம். "காலை உணவு சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம்" என்று ஓட்டுநர் சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். செரெங்கெட்டியில் கணக்கு வேறு, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். அங்கிருந்து கிளிமஞ்சாரோ பக்கம் சாலையில் வந்தால் கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைக் கடக்க வேண்டும். வண்டியை விட்டு இறங்காமல் கடந்தாலும் கட்டணம் உண்டு. இது தொகுப்பு விலையில் விடுபட்டுப்போய்க் கடைசியில் தலையில் விழுவதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இட்லிப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை. டப்பாவிலோ துணிப்பையிலோ கட்டுங்கள். டாலர் நோட்டுகள் புதியதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும், பழைய வருட நோட்டுகளை வாங்க மாட்டார்கள்.

கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் எல்லை தாண்டவே வேண்டாம் என்பேன். ஒரே நாட்டில் சுற்றினால் போதும். ஜூலை முதல் அக்டோபர் வரை வைல்டுபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைத் தான்சானியப் பக்கம் வட செரெங்கெட்டியின் கொகாடெண்டேயிலிருந்தும் பார்க்கலாம். இரண்டும் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், எந்த எல்லைச்சாவடி, அந்தப் பக்கம் யார் வண்டி, எந்தெந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்ற மூன்றுக்கும் ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். பதில் வராதவரை முன்பணம் அனுப்ப வேண்டாம். மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல், பாஸ்போர்ட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.