ஒட்டுக்கு அடியில் இருக்கும் உப்பு

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் பைபர் படகொன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஏராவை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ரெசின் என்ற இறுகும் பிசினைப் பூசிய தடம். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினேன்; மீன் செதில் மாதிரிக் கழன்று வந்தது. "முந்தநாள்தான் ஒட்டின மனே, திரும்பவும் கசியுது" என்றார் படகுக்காரர். கழன்ற துண்டைச் சற்று நேரம் வெயிலில் வைத்தோம். அதன் உட்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. உப்பு.

பைபர் படகின் உடம்பு என்பது கண்ணாடி இழைப் பாயைப் பொலியெஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக இறுகவைத்தது. வெளியே பளபளப்பாகத் தெரியும் ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீற்றர்தான் இருக்கும். நீரைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அந்த மெல்லிய தோலுக்கே. மணலில் இழுத்து இழுத்து அது தேய்ந்து வெடித்தால் உள்ளே இழை வெளிப்படும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த இழைகளின் ஓரமாகவே நீர் ஏறிப் போகும். அதனால் வெளியே தெரியும் வெடிப்பு விரல் நீளம் என்றாலும் உள்ளே ஈரம் அதைவிட வெகுதூரம் பரவியிருக்கலாம். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பிடிபடும்: நல்ல இடம் 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும், அடுக்கு விட்டுப்போன இடம் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும்.

சரி, ஈரம் வெயிலில் காய்ந்துவிடாதா? நீர் போகும், உப்பு போகாது. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை எடுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் சேர்மங்களும் இருப்பதால் இன்னும் முந்தியே கசியும். ஆக, பகலில் காய்ந்த வெடிப்பு இரவில் திரும்ப நனைகிறது.

அதன்மேல் ரெசினைப் பூசி மூடினால் நிலைமை இன்னும் மோசம். மாங்காயில் உப்பைப் போட்டால் நீர் வெளியே வருகிறதே, அதே சவ்வூடு பரவல்தான் இங்கும். இறுகிய ரெசின் வழியாகவும் நீர் மூலக்கூறுகள் மெதுவாக நுழையும். உப்பு அப்படிக் கடக்காது. உள்ளே அடைபட்ட உப்புக் கரைசல் வெளிநீரை இழுக்க, அழுத்தம் கூடிக் கூடி ஒட்டு மேலெழும்புகிறது. பழைய படகின் அடியில் வரும் கொப்புளங்களும் இப்படித்தான். அங்கே உப்புக்குப் பதிலாக ரெசினில் முழுதாக வினைபுரியாமல் தங்கிய பொருட்கள் கரைகின்றன. கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மணக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த இழுப்பு கடல்நீரைவிட நன்னீரில்தான் அதிகம். வெளிநீரில் உப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக அது உள்ளே போகும். மாரி மழையில் மட்டக்களப்பு வாவியின் உப்பு குறைந்துவிடுகிறது. அந்த நாட்களில் வாவியில் கட்டியே கிடக்கும் படகுக்குக் கடலில் நிற்கும் படகைவிடக் கொப்புள ஆபத்து கூடுதல்.

அப்படியானால் ஒட்டும் வேலை கழுவுவதில் தொடங்க வேண்டும். வெடிப்பைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, நிழல் கூரையின் கீழ் நாட்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய, இரவில் அந்த இடத்தின்மேல் பொலித்தீன் துண்டொன்றை நாற்புறமும் ஒட்டிவையுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

அப்புறம் தேய்ப்பு. பழைய பொலியெஸ்டர் ஏற்கெனவே இறுகி முடிந்தது. புதிய ரெசின் அதனோடு வேதியியல்ரீதியாக அதிகம் பிணையாது. கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே பளபளப்பு போகும்வரை தேய்த்து, வெடிப்பின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். தடிப்பின் 12 மடங்கு அகலம் என்பது படகு கட்டுபவர்களின் கணக்கு: 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 6 சென்ரிமீற்றர் சரிவு. சுமை ஒரு கோட்டில் நிற்காமல் அந்தப் பரப்பு முழுதும் பகிரப்படும். எபொக்சி என்ற இன்னொரு வகை ரெசின் இன்னும் இறுகப் பிடிக்கும், ஆனால் அதன்மேல் சாதாரண ஜெல்கோட் சரியாக ஒட்டாது.

ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர், 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். நம் உச்சி வெயிலில் கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். அதிகாலையே நல்ல நேரம்.

எஞ்சின் பூட்டும் பலகையின் போல்ட் துளைகளில் மட்டும் ரெசினை நம்ப வேண்டாம். அங்கே எஞ்சினின் அதிர்வு ஓயாது; விறைப்பான ரெசின் வெடித்துவிடும். இடைவெளியை அடைக்கும், ரப்பர்போல நெளியும் பொலியூரிதேன் சீலன்ட்தான் பொருத்தம். குழாயில் வரும் சாதாரண வகை காற்றின் ஈரத்தை எடுத்தே இறுகுவதால் நம் கரையோரக் காற்று அதற்குத் தோது. சிலிக்கோனைத் தொடவே வேண்டாம்: அது ஒருமுறை பூசிய இடத்தில் எவ்வளவு சுரண்டினாலும் மெல்லிய படலம் தங்கும், பிறகு ரெசினோ பெயின்டோ அந்த இடத்தில் பிடிக்காது.