கடல் துருப்பிடித்த கதை

ஈரத்தில் கிடந்த ஆணியை எடுத்தால் செம்பழுப்பாக ஒரு பொடி விரலில் ஒட்டும். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வருகிற துரு அது. ஒரு காலத்தில் கடலுக்கே இந்தக் கதி நேர்ந்தது.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அதில் ஏறக்குறைய முதல் பாதி முழுவதும் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லிவிடலாம். இதற்குச் சாட்சியாக, ஆற்றோடு உருண்டு வழவழப்பான பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கூழாங்கற்கள் தென்னாப்பிரிக்காவின் பழம்பாறைகளில் கிடைக்கின்றன. ஆக்சிஜன் உள்ள காற்றில் பைரைட் அரித்துப்போய்விடும். அவ்வளவு தூரம் உருண்டு தப்பியிருக்காது.

ஆக்சிஜன் அணுக்களுக்கு என்னவோ பஞ்சமே இல்லை. பூமி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நட்சத்திரங்களுக்குள் உருவானவை அவை. ஆனால் எல்லாம் தண்ணீரிலும் பாறையிலும் கட்டுண்டு கிடந்தன. அந்தக் கட்டை அவிழ்த்தது சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர். வெயிலின் ஆற்றலைக் கொண்டு அது தண்ணீரைப் பிளந்தது. அதற்கு வேண்டியது ஹைட்ரஜன், அதாவது 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பிலேயே உண்டான சரக்கு. ஆக்சிஜன் வெறும் கழிவு. நாம் மூச்சுக்கு மூச்சு இழுப்பது அந்தக் குப்பையைத்தான்!

சரி, கடலுக்கு என்ன ஆயிற்று? ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு உப்பைப் போலக் கரைந்திருக்கும். அன்றைய கடல் முழுக்க அப்படிக் கரைந்த இரும்பு. ஆக்சிஜன் பட்டதும் அது கரையாத துருவாகி, தூசி போல அடியில் இறங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைப்பகுதியில் அந்தப் படிவை இன்றும் பார்க்கலாம்: இரும்பு ஒரு வரி, சிலிக்கா ஒரு வரி என்று சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான பாறை. (இதில் ஒரு பங்கை, ஆக்சிஜனே இல்லாமல், இரும்பை நேரடியாகப் பயன்படுத்திய வேறு நுண்ணுயிர்கள் படியவைத்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.) இன்று உலகம் தோண்டியெடுக்கும் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி இந்த வகைப் பாறைகளிலிருந்து வருவதுதான்.

இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கியது போக மிஞ்சிய ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியது. இன்றைய 21 சதவீதமெல்லாம் இல்லை, மிகச் சொற்பம். ஆனால் அதுவரை ஆக்சிஜனையே அறியாத நுண்ணுயிர்களுக்கு அதுவே விஷம். தப்பியவை காற்றுப் புகாத இடங்களில் ஒதுங்கின. அவற்றின் வம்சம் சதுப்பு நிலச் சேற்றில் இன்னும் இருக்கிறது. அப்புறம், நம் குடலுக்குள்ளும்.