பிராண்ட்: சூட்டுக்கோலிலிருந்து பேர்போன கடை வரை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மாலை விளக்கு வைத்த பிறகு பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால், அடுப்பின் சீறலுக்கும் இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஓசைக்கும் நடுவே ‘பாஸ்ட் புட்’ என்று எழுதிய தள்ளுவண்டிகளைக் காணலாம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் ஆகியவைதான். அமெரிக்காவில் அதே சொல் ரொட்டிக்குள் இறைச்சி வைத்து விற்கும் தொடர்க்கடைகளைக் குறித்து வளர்ந்தது. அந்தத் தொழிலோடு சேர்ந்து ‘கஸ்டமர் சாட்டிஸ்பேக்‌ஷன்’, ‘பிராண்ட் ரெபுடேஷன்’ என்னும் இரண்டு தொடர்களும் இங்கே வந்துவிட்டன. நாளிதழ்கள் அவற்றை ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்றும் ‘பிராண்ட் நற்பெயர்’ என்றும் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுகின்றன. வண்டிக்காரரும் ‘நம்ம பிராண்டு’ என்று பெருமையோடு சொல்கிறார். இச்சொற்களின் வேரைப் பார்த்துவிட்டு ஈடான தமிழைத் தேடினால், நாம் கடன் வாங்க வேண்டியது மிகக் குறைவு என்பது என் கருத்து.

‘பிராண்ட்’ என்பது வட ஐரோப்பிய மொழிகளில் எரியும் கொள்ளிக்கட்டையைக் குறித்த பழஞ்சொல். எரிதலிலிருந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் இடும் சூட்டுக்கும், அந்தச் சூடு விட்டுச்சென்ற தழும்புக்கும் அது பெயராயிற்று. பிறகு மரப்பீப்பாய்களில் சுட்டுப் பதித்த குறியையும், 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகருடைய சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து வேறுபடுத்தும் அடையாளத்தையும் குறித்தது. ‘இந்த மாடு யாருடையது’ என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்த சொல், ‘இந்தச் சரக்குக்கு யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கும் விடையாக மாறியிருக்கிறது.

தமிழிலும் இதே வழித்தடம் இருக்கிறது. ‘பொறி’ என்றால் நெருப்பிலிருந்து தெறிக்கும் துகள். ‘பொறி’ என்றால் பதித்த அடையாளமும்தான். காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறைமுகத்தில், வந்து இறங்கும் சரக்கின்மீதும் ஏற்றுமதியாகும் சரக்கின்மீதும் சோழனுடைய சுங்க அலுவலர்கள் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தப் புலி உற்பத்தியாளரின் குறியன்று, அரசின் முத்திரை. ஆயினும் சரக்கின்மேல் ஓர் உருவத்தைப் பதித்து அதனால் நம்பிக்கை உண்டாக்கும் செயல் இரண்டிலும் ஒன்றே. அதே நூல் புகாரின் வணிகரைப் பற்றி, ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ என்கிறது. வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் விற்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்தார்கள் என்பது பொருள். இன்று ‘பிராண்ட் ரெபுடேஷன்’ என்று பயிற்சி வகுப்புகளில் கற்பிப்பதன் உள்ளீடு முழுவதும் அந்த இரண்டு அடிகளுக்குள் அடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலகை, சின்னம், எழுத்துருவம் ஆகிய புற அடையாளத்தை ‘வணிகக்குறி’ என்று சொன்னால் போதும். பழஞ்சொல்லை விரும்புவோர் ‘வணிகப்பொறி’ என்று எழுதலாம். பிறர் சின்னத்தைப் பார்த்து ஓரெழுத்து மாற்றிப் பலகை எழுதும் கடைகளுக்கும் நம்மிடம் பழமொழி தயாராக இருக்கிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்கிறோமே, அந்தச் சூடுதான் ‘பிராண்ட்’ என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று.

ஆனால் ‘பிராண்ட்’ என்று இன்று சொல்வோர் குறியை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் சேர்ந்திருக்கும் மதிப்பையும் நினைக்கிறார்கள். அதற்குத்தான் ‘ரெபுடேஷன்’ என்ற சொல் வருகிறது. லத்தீனில் அதன் வேர் ‘திரும்ப எண்ணிப் பார்த்தல்’ என்று பொருள்படும். அங்கும் எண்ணுதல் என்பது கணக்கிடுவதையும் நினைப்பதையும் ஒருசேரக் குறித்திருப்பது தமிழருக்கு வியப்பாக இராது. நம் பேச்சில் இதற்குரிய சொல் ‘பேர்’. ‘நல்ல பேர் எடுத்த கடை’, ‘பேரைக் காப்பாற்றுகிறான்’, ‘அப்பா வாங்கின பேரை மகன் கெடுத்துவிட்டான்’ என்று டெல்டாவில் அன்றாடம் கேட்கிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘பேர்போன கடை’ என்றால் புகழ்பெற்ற கடை. ‘கடையின் பேர் போய்விட்டது’ என்றால் புகழ் அழிந்த கடை. முதலாவதில் பேர் ஊர்விட்டு ஊர் போகிறது. இரண்டாவதில் கடையை விட்டே போகிறது. ஒரே வினை இரண்டு விதியையும் சொல்லும் இந்த வழக்கை விட்டுவிட்டு, ‘பிராண்ட் நற்பெயர்’ என்ற உயிரற்ற கலவையை ஏன் எழுத வேண்டும்?

அடுத்து ‘கஸ்டமர்’. பழக்கம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கஸ்டம்’ ஆயிற்று. பழக்கமாக ஒரே கடைக்கு வருபவர் ‘கஸ்டமர்’. நம் ‘வாடிக்கை’யும் வழக்கம் என்ற பொருளிலிருந்தே வருகிறது, தெலுங்கின் ‘வாடுக’வும் கன்னடத்தின் ‘வாடிகெ’யும் அதன் உறவுச் சொற்கள். ஆகவே ‘வாடிக்கையாளர்’ மிகச் சரியான ஈடு. ஆனால் நம் கடைத்தெருவில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘கிராக்கி’. கொள்பவர் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து திரிந்து வந்த அது, வாங்க வந்தவரை மட்டும் குறிக்கும். அவர் மறுபடி வருவாரா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. காலையில் போணி செய்தவர் கிராக்கி. நாற்பது ஆண்டுகளாக அதே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பவர் வாடிக்கை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் விரைவு உணவுத் தொழிலின் வரலாறே விளங்கிவிடும்.

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு இரவுப் பேருந்தில் வந்தபோது நடுவழியில் ஓர் உணவகத்தில் நிறுத்தினார்கள். ஆறிப்போன பரோட்டாவும் நீர்த்த குருமாவும் வந்தன. கழுவாத மேசையைத் துடைக்கச் சொன்னதற்குப் பரிமாறியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் காரணம் புரிந்தது. அங்கே இறங்குபவர் எவரும் தாமே தேர்ந்து வருவதில்லை, ஆகவே எவருடைய மனக்குறையையும் போக்க வேண்டிய தேவை கடைக்கு இல்லை. வந்தவர் அனைவரும் கிராக்கி. ஒருவர்கூட வாடிக்கை இல்லை.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஊர் தெரியாத பயணிகளுக்கு இருந்த சிக்கலும் இதுவே. 1921-இல் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் கடைகள், அரைத்த இறைச்சிமேல் மக்களுக்கு இருந்த அச்சத்தைப் போக்கவே கட்டடத்துக்கு வெள்ளை பூசி, சமையலைக் கண்முன்னே நடத்தின. மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-இல் சான் பெர்னார்டினோவில் உணவு வகைகளைக் குறைத்து, சமையலைத் தொழிற்சாலை வரிசைபோல் பகுத்து, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை கிடைக்கும்படி செய்தார்கள். அந்த முறை கிளைகளாகப் பரவியபோது, முன்பின் அறியாத ஊரில் இறங்குபவரும் கூரைமேல் உள்ள குறியைப் பார்த்துப் பழகிய இடத்துக்கு வந்ததாக உணர்ந்தார். கிராக்கியை வாடிக்கையாக்கும் கருவி பிராண்ட். அந்தச் சொல்லுக்கு நான் தரக்கூடிய மிகச் சுருக்கமான விளக்கம் இதுதான்.

அதற்கு விலையும் உண்டு. ஆயிரம் கடைகளுக்கு ஒரே பேர் என்றால், ஓர் அடுப்பில் நேர்ந்த குற்றம் ஆயிரம் கடைகளையும் சுடும். 1993-இல் ஜாக் இன் த பாக்ஸ் என்னும் தொடர்க்கடைகளில் சரியாக வேகாத இறைச்சியால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தபோது, அந்த நிறுவனம் முழுவதன் பேரும் போயிற்று. மறுபுறம், பேர் இருந்து உடையவர் இல்லாத நிலையும் நம்மிடம் உண்டு. பித்தளை டபராவைப் படமாக வரைந்து ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று நெடுஞ்சாலையெங்கும் நிற்கும் பலகைகளைப் பாருங்கள். பாலின் திடத்தை அளக்கும் கருவி காட்டும் ‘டிகிரி’யால் வந்த பெயர் என்பாரும், சிக்கரி திரிந்தது என்பாரும் உளர். நீர் கலக்காத பசும்பாலால் ஓர் ஊர் சம்பாதித்த பேர் அது. பால்மாவில் காபி கலந்து கொடுப்பவரும் அதே பலகையை மாட்டலாம் என்றால், கெட்டுப்போவது கும்பகோணத்தின் பேர். பதில் சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பலகையைவிட, கடையில் மாட்டியிருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது. பொறுப்பாளர் யார் என்று சொல்வது அந்த எண்தான்.

கடைசியாகச் ‘சாட்டிஸ்பேக்‌ஷன்’. ‘சாட்டிஸ்’ என்றால் லத்தீனில் ‘போதும்’. ‘பேக்’ என்ற பகுதி ‘செய்’. போதும் என்னும்படி செய்தலே அச்சொல். ‘திருப்தி’யும் உண்டு தணிந்த நிலையைக் குறிக்கும் வடசொல்தான், ஆகவே பிழையில்லை. ஆயினும் ‘வயிறும் மனசும் நிறைஞ்சுது’ என்று பந்தியிலிருந்து எழும் பெரியவர்கள் சொல்லும் ‘நிறைவு’ எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ‘வாடிக்கையாளர் நிறைவு’ என்றே எழுதலாம். ‘போதுமா, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டுமா’ என்று கேட்டுக்கொண்டு வாளியோடு நிற்பவரும், கைப்பேசியில் ஐந்து நட்சத்திரங்களைக் காட்டி மதிப்பிடச் சொல்லும் செயலியும் கேட்பது ஒரே கேள்விதான். வாளியோடு நிற்பவருக்கு மட்டும், ‘போதாது’ என்ற விடை வந்தால் உடனே குனிந்து ஊற்ற முடிகிறது.