ஹாதோர்ன்: சொல் விளக்கம்

ஹாதோர்ன் என்பது ஆங்கிலேயக் குடும்பப் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘ஹாக’ என்றால் வேலி, அடைப்பு. ‘தோர்ன்’ என்றால் முள். வேலிக்கு நடும் ஒரு முள்மரத்தின் பெயர் இது. அந்த மரத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த மரம் மே மாதவாக்கில் வெள்ளையாகப் பூத்து, பின் சிவப்பாகச் சிறு பழம் விடும்.

பெயருக்கு வந்த கெட்ட பேர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் தொடங்குகிறது. தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர் குடியேறிய காலத்தில் அங்கு வந்தவர் வில்லியம் ஹாதோர்ன். குவேக்கர்கள் என்ற வேறொரு கிறித்தவப் பிரிவினருக்குச் சவுக்கடி விதித்த நீதிபதி. அவர் மகன் ஜான் (1641–1717) சேலத்தில் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் மீதான வழக்குகளை விசாரித்தவர். 1692 மார்ச் 1 அன்று சாரா குட் என்ற பெண்ணிடம் அவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டது: “எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம்?” குற்றம் செய்தாயா என்ற கேள்வியே இல்லை. அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். உடன் நீதிபதியாக இருந்த சாமுவேல் சூவல் 1697இல் தேவாலயத்தில் எழுந்து நின்று பழியை ஏற்றார். ஜான் அப்படி எதுவும் செய்யவில்லை.

ஜானின் வழியில் வந்தவர் எழுத்தாளர் நதானியேல் (1804–1864). ஜான் அவருடைய பூட்டனாரின் தந்தை. இளவயதில் குடும்பப் பெயரின் நடுவே ‘டபிள்யூ’ எழுத்தைச் சேர்த்துக்கொண்டார் (Hathorne என்பது Hawthorne ஆனது). முன்னோரின் பழியை உதறவே இப்படிச் செய்தார் என்பது பரவலான பேச்சு, ஆனால் ஊகம்தான். முன்னோருக்காக வெட்கப்பட்டது மட்டும் உண்மை. 1850இல் வந்த ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் முன்னுரையில் அதை அவரே எழுதியிருக்கிறார்.

தமிழில் எழுதும்போது சறுக்கும் இடம் இதுதான். அந்த ‘டபிள்யூ’வுக்குத் தனி ஒலி கிடையாது. ஆகவே ‘ஹாவ்தோர்ன்’ பிழை, ‘ஹாதோர்ன்’ போதும். கிரந்தம் வேண்டாமென்று ‘ஆதோர்ன்’ எனலாம், ஆனால் ஆள் யாரென்று படிப்பவருக்குப் பிடிபடாது. நீதிபதி, எழுத்தாளர் இருவர் பெயரும் தமிழில் ஒன்றாகவே வரும் என்பதால், எழுத்து சேர்த்த செய்தியை வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆள் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. மரத்துக்கு மட்டும் ‘வேலிமுள்’ பொருந்தும். ‘வேலிக்காத்தான்’ என்று போட்டால் நம்மவர் சீமைக்கருவேலத்தையே நினைப்பார்கள். ‘வேலமரம்’ அதைவிட மோசம்: வேலம் அவரைக் குடும்பம், இதுவோ ரோஜாக் குடும்பம்.